கண்வலிக்கிழங்கும் காற்பெருவிரல் வீக்கமும்: ஒரு மூலிகை சோதனைக்கு உள்ளான வரலாறு

சென்ற மழைக்காலத்தில் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், வலது காற்பெருவிரல் சிவந்து வீங்கியிருக்க, செருப்பும் அணிய இயலாமல், மகனின் தோளைப் பற்றியபடி நம் புறநோயாளர் பிரிவுக்குள் நுழைந்தார். இரவு படுக்கும்போது ஒன்றும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிட்டது. போர்வையின் நுனி படுவதைக்கூடப் பொறுக்க முடியவில்லை என்றார். பரிசோதனையும் இரத்தத்தில் இருந்த யூரிக் அமில அளவும் ‘கௌட்’ எனப்படும் மூட்டழற்சியைக் காட்டின. கோல்சிசின் என்னும் மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்: “ஏங்கய்யா, இது எங்க கொல்லையில வெளையுற கண்வலிக்கிழங்கு வெதையிலேருந்து எடுக்குறதுதானே? வாங்க வர்ற யாவாரிங்க சொல்லுவாங்க. அப்படின்னா கெழங்கையே அரைச்சுக் குடிச்சா என்ன?”

இக்கேள்விக்குக் ‘கூடாது’ என்று ஒரே சொல்லில் விடையளித்து அனுப்பிவிடலாம். நேரமின்மையால் பெரும்பாலும் அவ்வாறே செய்கிறோம். ஆயினும் அவர் கேட்டதில் பாதி முற்றிலும் உண்மை. மீதிப் பாதி உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்து அறிய உதவுவது மருந்துச் சோதனை ஒன்றே. அது எவ்வாறு நடைபெறுகிறது, நமக்கு எதைச் சொல்கிறது என்பதை நம் மாவட்டத்து மண்ணில் விளையும் இச்செடியைக் கொண்டே இவ்விதழில் விளக்க முற்படுகிறேன்.

நம் கொல்லையில் விளையும் மருந்து

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு எனப் பல பெயர்களால் வழங்கும் இக்கொடியின் இலக்கியப் பெயர் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களின் வரிசையில் முதலில் நிற்பதும் காந்தளே. மகளிரின் மெல்லிய விரல்களுக்கு இதன் இதழ்களை உவமை கூறுவது சங்கப் புலவர்களின் மரபு. மூட்டுநோயால் விரல்கள் வீங்கிக் கோணியவர்களை நாள்தோறும் காண்கின்ற எனக்கு, அந்த உவமையின் நினைவு சில வேளைகளில் சங்கடத்தையே தருகிறது.

ஜெயங்கொண்டம் வட்டாரத்திலும், வேதாரண்யம், மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளிலும் இது பணப்பயிராகச் சாகுபடி செய்யப்படுகிறது. மழையை ஒட்டிக் கிழங்கு நடப்படும். கொடி பற்றிப் படரத் தாங்குகுச்சிகள் நிறுத்தப்படும். பூக்கும் பருவத்தில் பெண்கள் காலை வேளையில் வரிசை வரிசையாக நடந்து, மகரந்தத்தைச் சூலகமுடியில் கையால் தொட்டு வைப்பர். அவ்வாறு செய்யாவிடில் காய்ப்பிடிப்பு குறைந்துவிடும். இத்தனை உழைப்பும் விதைக்காகவே. அவ்விதையிலிருந்து கோல்சிசின் பிரித்தெடுக்கப்படுகிறது. தசைப்பிடிப்புக்கு நாம் எழுதித் தரும் தயோகோல்ச்சிகோசைடு மாத்திரைக்கும் மூலப்பொருள் அதிலிருந்தே கிடைக்கிறது. விதை வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. எனவே அந்த விவசாயி வியாபாரிகளிடமிருந்து கேட்டறிந்தது சரியே. அவருடைய மாத்திரைக்குள் இருந்தது காந்தள் குடும்பத்துப் பொருள்தான்.

வலி தானே தணியும் நோய்

கௌட் நோயில் நிகழ்வது இதுதான். உணவிலிருந்தும் உடலின் உயிரணுக்கள் சிதைவதிலிருந்தும் உண்டாகும் யூரிக் அமிலம் சிறுநீரகத்தின் வழியே போதிய அளவு வெளியேறாதபோது, இரத்தத்தில் மிகுந்து, மூட்டுகளில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாகப் படிகிறது. ஒருநாள் வெள்ளையணுக்கள் அப்படிகங்களை எதிரியெனக் கருதிப் பெருங்கூட்டமாகப் பாய்கின்றன. அந்தப் போரே நாம் காணும் சிவப்பும் வெப்பமும் வீக்கமும் வலியும். படிகம் பல மாதங்கள் அமைதியாக இருந்திருக்கும். வலி ஓரிரவில் வரும்.

இதில் நோயாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிகிச்சையே இல்லாவிடினும் கௌட் வலி ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஆகையால் ஐந்தாம் நாள் எதை உண்டாலும், எதைப் பூசினாலும், எட்டாம் நாள் அது ‘வேலை செய்தது’ போலவே தோன்றும். எருக்கிலை ஒத்தடம், நொச்சி வேது, பக்கத்து ஊரில் வாங்கிய பொடி, மாத்திரை ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த மயக்கம் பொதுவானது. மருந்து உண்டபின் வலி நின்றது என்பதும் மருந்தால் வலி நின்றது என்பதும் ஒன்றல்ல. என் பாட்டியார் முழங்கால் வீக்கத்துக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டுவார், வீக்கம் வடியும். நொச்சியால் வடிந்ததா, கட்டு அவிழும் வரை அவர் நடமாடாமல் ஓய்வாக அமர்ந்திருந்ததால் வடிந்ததா என்பதை இன்றும் என்னால் சொல்ல இயலாது.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி ஒன்றே. ஒரே நிலையில் உள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு மருந்தும், மற்றொன்றுக்கு நிறத்திலும் வடிவிலும் அதைப்போன்றே இருக்கும் மருந்தில்லா மாத்திரையும் தர வேண்டும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது. வலியை அளவிடும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. குலுக்கல் ஏன் என்றால், மருத்துவர் தம்மை அறியாமலே நோய் குறைந்தவர்களுக்கு மருந்தையும், மிகுந்தவர்களுக்கு மற்றதையும் தந்துவிடக்கூடும். மறைத்தல் ஏன் என்றால், நம்பிக்கையும் வலியைக் குறைக்கும்.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து

ஐரோப்பாவில் காந்தளுக்கு ஒரு தாயாதி உண்டு. கோல்சிகம் என்னும் அக்கிழங்குச் செடியும் தாவரவியலில் செங்காந்தளின் குடும்பத்தையே சேர்ந்தது. கருங்கடல் கரையில் இருந்த கோல்சிஸ் என்னும் பழைய நாட்டின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் மருத்துவரான திரால்லஸ் அலெக்சாந்தர், மூட்டு வலிக்கு அவ்வகைக் கிழங்கைப் பரிந்துரைத்தார். கடுமையாகப் பேதியாகும் என்பதால் பின்னர் வந்த மருத்துவர்கள் பலர் அதைக் கைவிட்டனர். 1763-இல் வியன்னா நகரின் ஆண்டன் ஃபான் ஸ்டோர்க் அதை மீண்டும் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். 1820-இல் பாரிசின் பெல்லெத்தியே, கவென்தூ என்னும் இரு வேதியியலாளர்கள் அதன் செயற்பொருளைப் பிரித்தெடுத்தனர். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் அவ்விருவரே.

இவ்வளவு நீண்ட வரலாறு கொண்ட மருந்து மேற்கூறிய முறையில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட ஆண்டு 1987 என்றால் வியப்பாக இருக்கும். நவீன மருத்துவமும் தன் பழைய மருந்துகளைச் சோதிக்காமலே நெடுங்காலம் நம்பி வந்திருக்கிறது; மூலிகையைக் குறை கூறும் முன் இதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆஸ்திரேலியாவில் நடந்த அச்சோதனையில் பங்கேற்றோர் 43 பேர் மட்டுமே. 22 பேருக்குக் கோல்சிசினும், 21 பேருக்கு மருந்தில்லா மாத்திரையும் தரப்பட்டன. அக்கால வழக்கப்படி, வலி தணியும் வரை அல்லது வயிறு ‘போதும்’ என்று சொல்லும் வரை இரண்டு மணிக்கொரு தடவை மருந்து கொடுக்கப்பட்டது. 48 மணி நேரத்தில் மருந்து பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும், பெறாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரும் குணமடைந்தனர். மருந்து மெய்யாகவே வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் மருந்து பெற்ற அனைவருக்கும், ஒருவர்கூட விலக்கின்றி, வாந்தியோ பேதியோ ஏற்பட்டது. அதுவும் பெரும்பாலோருக்கு வலி குறைவதற்கு முன்பே ஏற்பட்டது. எழுந்து நடக்க முடியாத ஒருவரைக் கழிப்பறைக்கு ஓடவிடும் மருந்து எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதன் தொடர்ச்சியாக எழுந்த கேள்வியே எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. அவ்வளவு மருந்து தேவைதானா? 2010-இல் அமெரிக்காவில் 184 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியானது. அதில் மூன்று பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவுக்குப் பழைய முறைப்படி ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம், இரண்டாம் பிரிவுக்கு ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மட்டும். மூன்றாம் பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரை. 24 மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தவர்கள், கூடுதல் அளவில் 100-க்கு 33 பேர். குறைந்த அளவில் 38 பேர். மருந்தில்லாப் பிரிவில் 16 பேர். வயிற்றுப்போக்கு ஏற்பட்டவர்கள், கூடுதல் அளவில் 77 பேர். குறைந்த அளவில் 23 பேர். மருந்தில்லாப் பிரிவில் 14 பேர். குறைந்த அளவு பெற்றவர்களில் ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை.

பயன் ஏறக்குறைய ஒன்றுதான். துன்பம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ‘வலி போகும் வரை உண்’ என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவுரை தேவையற்ற துன்பத்தை விளைவித்து வந்தது இதனால் தெரிந்தது. மருந்துச் சோதனை என்றால் மூலிகையை ஏற்பது அல்லது தள்ளுவது என்றே பலரும் நினைக்கின்றனர். இங்கே நிகழ்ந்தது வேறு. மருந்து ஏற்கப்பட்டது; அதன் அளவு திருத்தப்பட்டது. இன்று உங்களுக்கு 0.5 மில்லிகிராம் மாத்திரையை எண்ணித் தந்து, ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்வதற்கு அடிப்படை அந்தச் சோதனையே.

(இடையில் ஒரு செய்தி. இந்தப் பழம்பெரும் மருந்துக்கு அமெரிக்க அரசின் முறையான ஒப்புதல் 2009-இல்தான் கிடைத்தது. அதன்பின் அந்நாட்டில் ஒரு மாத்திரையின் விலை சில சென்ட்டுகளிலிருந்து ஏறத்தாழ ஐந்து டாலருக்கு உயர்ந்தது. நம் நாட்டில் அது சில ரூபாய்க்கே கிடைக்கிறது என்பதில் ஆறுதல் கொள்ளலாம்.)

கிழங்கை ஏன் அரைத்துக் குடிக்கக் கூடாது

இனி விவசாயியின் கேள்விக்கு வருவோம். கோல்சிசின் வலியைத் தணிப்பது எவ்வாறு? உயிரணுவின் உள்ளே சாரம்போல் நின்று அதற்கு வடிவமும் இயக்கமும் தரும் நுண்குழல்கள் உள்ளன. கோல்சிசின் அவற்றைக் கட்டவிடாமல் தடுக்கிறது. சாரம் சரிந்த வெள்ளையணுவால் படிகத்தை நோக்கி ஓட முடிவதில்லை. மூட்டில் போர் ஓய்கிறது. ஆனால் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கும் அதே நுண்குழல்கள் வேண்டும். நம் உடலில் இடைவிடாது பிரிந்து பெருகுவன குடலின் உட்சவ்வு, எலும்பு மச்சை, முடியின் வேர் ஆகியவை. மருந்தின் அளவு சற்று மிகுந்தால் அவையும் முடங்குகின்றன. குணப்படுத்தும் செயலும் கொல்லும் செயலும் இங்கே ஒன்றே. அளவு மட்டுமே வேறு. இரண்டுக்கும் இடையிலான தூரம் இம்மருந்தில் மிகக் குறுகியது.

மாத்திரையில் உள்ள அளவு ஒவ்வொன்றிலும் ஒன்றே. கிழங்கில் அவ்வாறு இல்லை. ஒரு கொடியின் கிழங்குக்கும் அடுத்த கொடியின் கிழங்குக்கும், விதைக்கும் வேருக்கும், முற்றியதற்கும் இளையதற்கும் செயற்பொருளின் அளவு வேறுபடும். கண்ணாலோ நாவாலோ அதை அறிய இயலாது. சித்த மருத்துவமும் இதை அறிந்தே இருந்தது. இக்கிழங்கை நஞ்சுப் பொருளாகக் கருதி, சுத்தி செய்யாமல் பயன்படுத்தக் கூடாது என்று விலக்கி வைத்தது. ‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்பது சித்தர்களின் கருத்து அன்று. அண்மைக்கால விளம்பரங்களின் கருத்து.

உண்ணக்கூடிய கிழங்கு என மயங்கி இதைச் சமைத்து உண்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். வீட்டார் உணவு ஒவ்வாமை என்றே எண்ணுவர். பின்னர் சற்றுத் தெளிந்ததுபோல் தோன்றும். ஆபத்து அந்த இடைவெளியில்தான் வளர்கிறது. அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், இதயம், இரத்த உற்பத்தி ஆகியவை பாதிக்கப்படும். பிழைத்தெழுந்தவர்களுக்கு இரண்டு வாரம் போல் தலைமுடி கொத்தாகக் கொட்டும். அது மீண்டும் வளர்ந்துவிடும். இந்நஞ்சுக்கென எளிதில் கிடைக்கும் முறிமருந்து இல்லை. ஆகவே யாரேனும் தவறுதலாக இக்கிழங்கையோ விதையையோ உட்கொண்டால், அறிகுறிக்காகக் காத்திராமல் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சிய கிழங்கையும் உடன் எடுத்து வாருங்கள்.

மாத்திரையாக உண்போரும் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் கோல்சிசின் தேங்கும். அவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் அதன் அளவை இரத்தத்தில் பன்மடங்கு உயர்த்திவிடும். ஆகவே சளி, காய்ச்சலுக்கு வேறு மருத்துவரிடம் சென்றாலும் இம்மாத்திரையைக் காட்டுங்கள். கோல்சிசின் வலியைத் தணிக்குமே தவிர யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு அலோப்யூரினால் போன்ற மருந்துகள் வேறு. வலி இல்லாத நாட்களிலும் அவற்றைத் தொடர வேண்டும்.

முடக்குவாதத்துக்கு மூலிகை

நம்மிடம் வருவோரில் பலரை வாட்டுவது கௌட் அன்று, முடக்குவாதம். இந்நோய் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்திருக்கும். பருத்தி எடுக்கவோ சின்ன வெங்காயம் அரியவோ கூடாத அந்த விறைப்பைப் பெரம்பலூர் வட்டாரத்துப் பெண்கள் நன்கறிவர். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குவது இதன் காரணம். கௌட் வலியைப்போல் இது இரு வாரத்தில் தணிந்து மறைவதில்லை. ஏறியும் இறங்கியும் ஆண்டுக்கணக்கில் தொடரும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பை அரிக்கத் தொடங்கக்கூடியது. அரித்த எலும்பு மீள்வதில்லை.

இந்நோய்க்கு மூலிகைகள் சோதிக்கப்பட்டிருக்கின்றனவா? ஆம், அதுவும் நம் நாட்டிலேயே. அமுக்கரா, சுக்கு, மஞ்சள், சாம்பிராணி வகைப் பிசின் ஆகியவை சேர்ந்த ஓர் ஆயுர்வேதக் கலவையைப் புனே நகரின் மூட்டுநோய் மருத்துவர் அரவிந்த் சோப்ராவும் அவருடன் பணியாற்றியோரும் 182 நோயாளிகளிடம் 16 வாரங்கள் சோதித்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். மூட்டு வீக்கம், வலி முதலியவை குறைந்தது 20 விழுக்காடு தணிந்தவர்கள், மூலிகைப் பிரிவில் 100-க்கு 39 பேர். மருந்தில்லா மாத்திரை உண்ட பிரிவில் 30 பேர். வீக்கத்தைக் குறைப்பதில் மூலிகைக்குச் சிறிது மேன்மை தென்பட்டது. ஆனால் மொத்தப் பயனில் இவ்விரு எண்களுக்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் நேரக்கூடிய அளவே.

அந்த ‘30 பேர்’ என்ற எண்ணைச் சற்று நின்று நோக்குங்கள். மருந்தே இல்லாத மாத்திரையை உண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நோய் குறைந்தது. நோய் தானே இறங்கிய காலமாக இருக்கலாம்; அக்கறையுள்ள மருத்துவர் அடிக்கடி பார்த்ததன் பயனாக இருக்கலாம். எந்த ஊரில் எந்தப் பொடியை விற்றாலும், வாங்கியவர்களில் இத்தகைய ஒரு பங்கினர் ‘எனக்குக் கேட்டது’ என்று உண்மையாகவே சாட்சி சொல்வர். அவர்கள் பொய் சொல்லவில்லை.

நம் மாநிலத்திலேயே நடந்த இன்னொரு முயற்சி கோயம்புத்தூரினுடையது. அங்குள்ள ஆயுர்வேத ஆய்வு நிறுவனத்தாரும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து மூட்டுநோய் வல்லுநர் டேனியல் ஃபர்ஸ்டும் இணைந்து நடத்திய அச்சோதனை 2011-இல் வெளியாயிற்று. அவர்கள் எதிர்கொண்ட இடர் பெரிது. ஆயுர்வேதத்தில் முடக்குவாதத்துக்கு ஒரே மருந்து இல்லை; ஆளுக்கேற்பக் கஷாயமும் சூரணமும் மாறும். மருந்தை ஒருபடித்தாக்கினால் அது ஆயுர்வேதம் ஆகாது. மாற்றிக்கொண்டே போனால் சோதனை ஆகாது என்பது பொதுவான கருத்து. அவர்கள் வைத்தியரை நோயாளிக்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுக்க விட்டு, மருந்தில்லாப் பிரதிகளைக் கொண்டு யாருக்கு மெய்யான மருந்து செல்கிறது என்பதை மட்டும் மறைத்தனர். மொத்தம் 43 நோயாளிகள். 14 பேருக்கு மெத்தோட்ரெக்சேட்டும் மருந்தில்லாக் கஷாயமும். 12 பேருக்கு ஆயுர்வேத மருந்தும் மருந்தில்லா மாத்திரையும். 17 பேருக்கு இரண்டும் மெய்யானவை. 36 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். ஆயுர்வேதம் மட்டும் பெற்றவர்களிடம் பக்கவிளைவுகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தன.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடலாமே’ என்று தோன்றும். பொறுங்கள். பிரிவுக்குப் பன்னிரண்டு, பதினேழு பேர் என்ற சிறு எண்ணிக்கையில் இரு மருந்துகள் சமம் என்று நிறுவ இயலாது. பெரிய வேறுபாடுகூடக் கண்ணில் படாமல் தப்பிவிடும். இரண்டு வகை மருந்தும் இல்லாத பிரிவு அச்சோதனையில் இல்லை. புனேயில் கண்ட அந்த மூவரில் ஒருவர் கோயம்புத்தூரின் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேராக ஒளிந்திருந்தனர் என்பதைப் பிரித்தறிய வழியும் இல்லை. ஆய்வாளர்களே இதை முன்னோடிச் சோதனை என்றுதான் அழைத்தனர்; பெரிய அளவில் தொடர வேண்டும் என்றும் எழுதினர். என் கருத்தில் அதன் பெருமை முடிவில் இல்லை. கஷாயத்தையும் கண்டிப்பான முறையில் சோதிக்க முடியும் என்று செய்து காட்டியதில் இருக்கிறது.

மூலிகை வென்ற சோதனையும் உண்டு. சீனாவில் மூட்டுநோய்க்குப் பயன்படும் ‘இடிக்கடவுள் கொடி’யின் சாறு, அமெரிக்காவில் 121 முடக்குவாத நோயாளிகளிடம் சல்ஃபாசலசின் என்னும் வழக்கமான மருந்துடன் ஒப்பிடப்பட்டு, 2009-இல் அதைவிட மேலான பயன் தந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே கொடி பெண்களுக்கு மாதவிடாயை நிறுத்திவிடக்கூடியது. ஆண்களின் விந்தணுவைக் குறைக்கக்கூடியது. குழந்தை விரும்பும் வயதினருக்கு அது ஏற்றதன்று.

வீட்டிலும் புறநோயாளர் அறையிலும்

முடக்கறுத்தான் தோசையும் இரசமும் நம் வீட்டு உணவு. அவற்றை விடச் சொல்ல எங்களுக்குக் காரணம் ஏதும் இல்லை, நானும் உண்கிறேன். கவலை தருவது வேறு. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள் உண்ண வேண்டிய மருந்து. கல்லீரலைக் கவனித்துக்கொண்டே தர வேண்டியது. அதற்காகவே குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனைக்கு அழைக்கிறோம். அதனுடன் வேறு சூரணங்களை எங்களுக்குத் தெரியாமல் உண்டால், கல்லீரல் நொதி உயரும்போது காரணம் எது என்று கண்டறிய இயலாமல் போகிறது. நோய்த்தொற்றுக் காலத்தில் பலரும் உண்ட சீந்திலால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் அறிவித்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், கல்லீரலைத் தொடும் மருந்தை ஏற்கெனவே உண்பவர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருப்பது நல்லது.

பெயரும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத பொடிகள் இன்னும் மோசமானவை. உண்ட மறுநாளே வலி மாயமாய் மறைந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள், ஐயப்படுங்கள். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்திய மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளது. அதை நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. சித்த மருத்துவம் விரும்புவோர் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரை நாடுங்கள். எங்கள் மருந்துச் சீட்டை அவரிடமும், அவருடைய சீட்டை எங்களிடமும் காட்டுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்வோம் என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். அந்த அச்சத்துக்கு எங்கள் பேச்சும் சில நேரம் காரணம் என்பதை மறுக்கவில்லை. பொட்டலத்தைக் கையோடு கொண்டுவந்து மேசைமேல் வையுங்கள், அது போதும்.

காற்பெருவிரல் வீங்கி வந்த விவசாயி ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார், இம்முறை செருப்புடன். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடங்கப்பட்டது. அடுத்த நடவுக்கென எடுத்து வைத்திருந்த விதைக்கிழங்குச் சாக்கு அதுவரை சமையற்கட்டில் சேப்பங்கிழங்குக் கூடைக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். மருமகளிடம் சொல்லி அதை மாட்டுக்கொட்டகைப் பரணுக்கு மாற்றிவிட்டதாகவும், பேரப்பிள்ளைகளுக்கு எட்டாதபடி கட்டி வைத்திருப்பதாகவும் சொன்னார்.